கதையும் நடையும்: பிரெஞ்சுத் திரைப்படமும் நெய்தல் திணையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி முட்டுக்காட்டில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில் திரைப்படத்தைப் பற்றிய உரை எதற்கு என்ற வினா எழக்கூடும். அதுவும் பிரெஞ்சுத் திரைப்படம்! ஆனால், அந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு பூசல், கவிதை எழுதும் ஒவ்வொருவரும் தமக்குள்ளே நடத்திக்கொண்டிருக்கும் பூசல்தான். கதை முதன்மையானதா, நடை முதன்மையானதா என்பதே அது. சொல்லப்படும் பொருள் உயர்ந்ததாயின் சொல்லும் முறை எப்படியிருந்தாலும் போதும் என்பார் ஒரு சாரார். சொல்லும் முறையே கலை, பொருள் வெறும் சாக்கு என்பார் மறு சாரார். இவ்விரு கூற்றையும் ஆராய்வதற்கு இன்று கூட்டம் நடக்கும் இந்த நெய்தல் நிலம் மிகப் பொருத்தமான இடமாகும்.

பூசலின் தோற்றம்

1948இல் அலெக்சாந்த்ர் அஸ்த்ருக் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்தாளன் பேனாவைக் கையாள்வதுபோல இயக்குநன் படக்கருவியைக் கையாளும் காலம் வந்துவிட்டது என்பது அதன் சாரம். திரைப்படம் கதைக்கு வரையப்பட்ட சித்திரமாக இராமல், தானே ஓர் எழுத்துமுறையாக வேண்டும் என்றார் அவர். மூன்றாண்டுகள் கழித்து, 1951இல், ‘கையே து சினேமா’ என்னும் இதழ் பாரிசில் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் புகழ்பெற்ற திறனாய்வாளர் ஆந்த்ரே பஸேன். அவ்விதழின் 1954 ஜனவரி வெளியீட்டில், இருபத்திரண்டு வயது நிரம்பாத பிரான்சுவா த்ரூஃபோ என்ற இளைஞர் எழுதிய கட்டுரை பிரெஞ்சுத் திரையுலகைக் கலக்கியது.

த்ரூஃபோ தாக்கியது, இலக்கியப் படைப்புகளைத் திரைக்குக் கொண்டுவந்து பெரும் மதிப்புப் பெற்றிருந்த ஒரு மரபை. ழான் ஓராஞ்ச், பியேர் போஸ்த் ஆகிய இருவரும் அம்மரபின் தலைசிறந்த திரைக்கதையாசிரியர்கள். நாவலில் படமாக்க இயலாத காட்சிகள் உண்டு. அவற்றுக்கு ஈடான காட்சிகளைத் திரைக்கதையாசிரியர் புனைந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய கோட்பாடு. எது படமாக்க இயலாதது என்பதை முடிவு செய்பவர் யார் என்று கேட்டார் த்ரூஃபோ.

அவர் காட்டிய சான்று ழார்ழ் பெர்னனோஸின் நாவல். ஒரு கிராமத்து இளம்பாதிரியாரின் நாட்குறிப்பாக அமைந்தது அது. அதற்கு ஓராஞ்ச் எழுதிய திரைக்கதையை நாவலாசிரியர் ஏற்க மறுத்துவிட்டார். அருளில் முடியும் நாவலை அந்தத் திரைக்கதை வெறுமையில் முடித்தது என்பது த்ரூஃபோவின் குற்றச்சாட்டு. பின்னர் அதே நாவலை ரொபேர் பிரெஸ்ஸோன் 1951இல் படமாக்கினார். அவர் நீக்கியவை பல. புனைந்து சேர்த்தவை மிகக் குறைவு. படமாக்க முடியாதது என்று கருதப்பட்ட நாட்குறிப்பையே படமாக்கினார். எழுதும் கை, எழுதப்படும் தாள், எழுதியதை வாசிக்கும் குரல் ஆகியவையே படத்தின் உடலாயின. பாதிரியாரின் சாவை அவர் காட்டவில்லை. திரையில் ஒரு சிலுவை மட்டும் நிற்க, சாவைத் தெரிவிக்கும் கடிதத்தை ஒரு குரல் வாசிக்கிறது. அவ்வளவே.

இங்கே ஓர் உண்மை எண்ணத்தக்கது. பிரெஸ்ஸோன் கதைக்கு எதிராக நடையை நிறுத்தவில்லை. இருவருள் கதைக்கு உண்மையாக நடந்துகொண்டவர் அவரே. அந்த உண்மையை அவருக்குப் பெற்றுத் தந்தது நடை. கதையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் அதை மாற்றினார்கள். நடையைத் தேடியவர் அதைக் காத்தார். ஆகவே, கதைக்கும் நடைக்கும் இடையிலான பூசலாகத் தோன்றியது, உண்மையில் கதையைச் சுமக்க வேண்டியது உரையாடலா, காட்சியா என்பது பற்றிய பூசலே எனலாம். இலக்கியத் தழுவலை இவ்வளவு கடுமையாகத் தாக்கிய த்ரூஃபோவே 1962இல் ஆன்ரி-பியேர் ரொஷேயின் ‘ழூல் எ ழிம்’ நாவலைப் படமாக்கி, அதன் உரைநடையைக் குரலாகவே படம் முழுதும் ஒலிக்கச் செய்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டு கழிகள்

இனி, முட்டுக்காட்டுக்கு மிக நெருங்கிய ஒரு பிரெஞ்சுப் படத்தைக் காண்போம். முட்டுக்காடு கடலுக்கும் கழிக்கும் இடையில் அமைந்த ஊர். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் உவர்நீர் பரந்த கழி. கோவளத்துக் குப்பங்களும், கேளம்பாக்கத்தை ஒட்டிய உப்பளங்களும் அருகே உள்ளன. பிரான்சின் தென்கரையில் மத்தியதரைக் கடலுக்கும் தோ என்னும் பெருங்கழிக்கும் இடையில் அமைந்த ஊர் செத். கவிஞர் பால் வலேரி பிறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். அவ்வூரின் மீனவர் குடியிருப்பு ஒன்றின் பெயர் லா புவான்த் கூர்த். ‘குறுமுனை’ எனத் தமிழில் கூறலாம். 1928இல் பிறந்து 2019இல் மறைந்த அன்யெஸ் வர்தா என்னும் பெண்மணி, தம் இருபத்தாறாம் வயதில் அக்குடியிருப்பின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு படம் எடுத்தார். 1954இல் படமாக்கப்பட்டு அடுத்த ஆண்டு திரையிடப்பட்ட அப்படமே, பின்னால் ‘புதிய அலை’ எனப் பெயர்பெற்ற இயக்கத்துக்கு முன்னோடி என்று இன்று கொண்டாடப்படுகிறது.

வர்தா அதற்குமுன் படம் எடுத்தவரல்லர், நிழற்படக் கலைஞர். போர்க்காலத்தில் தம் இளமையைச் செத் நகரில் கழித்தவர். வில்லியம் ஃபாக்னரின் ஒரு நாவலில் இரு கதைகள் இயல் மாற்றி இயலாகச் செல்லும் அமைப்பு அவரைக் கவர்ந்தது. அதே அமைப்பில் தம் படத்தை நிறுத்தினார். ஓர் இழையில் மீனவர் வாழ்க்கை செல்கிறது: தூய்மை கெட்ட கழியில் சிப்பி எடுக்கக் கூடாது என்று தடுக்கும் சுகாதார அதிகாரிகள், அவர்கள் கண்ணில் படாமல் தொழில் செய்யும் குடும்பங்கள், ஒரு குழந்தையின் சாவு, இளையோர் இருவரின் காதல், படகுகளில் நின்று பொருதும் ஊர்த் திருவிழா. மீனவர்களே மீனவர்களாக நடித்தனர். மற்றோர் இழையில் ஒரு கணவனும் மனைவியும் வருகின்றனர். அவன் அவ்வூரில் பிறந்தவன். அவள் பாரிசிலிருந்து வந்தவள். மணமாகி நான்காண்டுகள் கழிந்து, பிரிவதா சேர்ந்திருப்பதா என்று கரையோரம் நடந்தபடியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு நாடக மேடைப் பேச்சுப்போல் இறுகியது. முகங்கள் சிற்பம்போல் நிறுத்தப்பட்டவை.

இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்று குறை கூறுவோர் உண்டு. கதை எங்கே என்றும் அவர்கள் கேட்பர். தமிழ் படித்தவர்களுக்கு இக்கேள்வி எழ வேண்டியதில்லை. அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் படத்தில் பெயரில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்றே அவர்கள் குறிக்கப்படுகின்றனர். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் வகுத்த மரபு உடனே நினைவுக்கு வருகிறது. வர்தா தொல்காப்பியத்தைக் கற்றிருக்க வேண்டியதில்லை. ஒரு கலைஞர் கடற்கரையில் நின்று, பிரிவை எண்ணி வருந்தும் இருவரைக் காட்ட விரும்பியபோது, பெயர்கள் தேவையற்றவையாயின. நிலம் தேவையாயிற்று, வலையும் படகும் கழியும் தேவையாயின.

முதல், கரு, உரி

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், மாந்தர், மரம், பறவை, தொழில் முதலானவை கருப்பொருள். மக்களின் அக ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தலுக்குக் கடலும் கடல் சார்ந்த இடமும் நிலம், எற்பாடு பொழுது, பரதவரும், உப்பும், மீனும், புன்னையும் கரு, இரங்கலும் இரங்கல் நிமித்தமும் உரி. இவை இந்த அவை அறிந்தவையே. இவற்றைக் கதை, நடை என்னும் வினாவோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

அகப்பாடலில் கதை ஏறத்தாழ முன்பே தெரிந்தது. தலைவன் பிரிவான், தலைவி வருந்துவாள், தோழி ஆற்றுவிப்பாள். ஒரே துறையில் புலவர் பலர் பாடியுள்ளனர். ஆயினும் ஒருவர் பாடல் மற்றவர் பாடலாகாது. வேறுபாட்டை உண்டாக்குவது முதலும் கருவும் கையாளப்படும் முறை, அதாவது நடை. இதனைக் கொண்டு, நடையே எல்லாம் என்று முடிவு கட்டிவிடலாமா? தொல்காப்பியர் அதற்கு இடந்தரவில்லை. முதல், கரு, உரி ஆகிய மூன்றும் பாடலில் ஒன்றினும் ஒன்று சிறந்து வரும் என்பது அவர் கருத்து. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன என்று உரை கொள்வர். நிலமும் பொழுதும் இன்றிப் பாடல் அமையலாம். உரிப்பொருள் இன்றி அகப்பாடல் அமையாது.

அப்படியானால் உரிப்பொருளை நேரே சொல்லிவிட்டால் போதாதா? போதும் என்றால் உள்ளுறை என்ற ஒன்று தோன்றியிராது. கருப்பொருளைக் கூறுவதன் வழியாகவே கூறாத ஒன்றை உணரவைப்பது உள்ளுறை. கழியில் ஒரு பறவை மீனுக்காக அசையாமல் நிற்பதைப் பாடல் சொல்லும்; தலைவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது; கேட்பவர் தலைவனை அறிந்துகொள்வர். இவ்விடத்தில் கதை எது, நடை எது என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது.

முட்டுக்காட்டுக் கழியின் முகத்துவாரம் இதற்கு நல்ல உவமையாகும். மழையற்ற மாதங்களில் அலைகள் மணலைக் கொணர்ந்து குவித்து அதை அடைத்துவிடும். அப்போது கடல் வேறு, கழி வேறு. கழிநீர் தேங்கும், கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியிராது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் மணல்திட்டை உடைத்தால் இரண்டும் ஒன்றாகும், கழி உயிர்பெறும். உள்ளுறை அத்தகைய முகத்துவாரம். அது அடைபட்ட படைப்பில் கதை ஒருபுறமும் நடை ஒருபுறமும் கிடக்கும். பூசலும் அப்போதுதான் தோன்றும்.

வர்தாவின் படத்தில் முகத்துவாரம் முழுமையாகத் திறந்திருக்கிறது என்று கூறமுடியாது. மீனவர் துயரும் தம்பதியர் துயரும் பல இடங்களில் தனித்தனியே நிற்கின்றன. ஆனால் மீனவர் வாழ்க்கையைத் தம்பதியரின் பேச்சுக்குத் திரைச்சீலையாக அவர் ஆக்கவில்லை. படத்தில் சரிபாதியை அவர்களுக்குத் தந்தார். அந்த நேர்மையே அப்படத்தின் நடை.

நடை தனித்து நின்றபோது

1980களில் பிரெஞ்சுத் திரையில் வேறொரு போக்கு எழுந்தது. ழான்-ழாக் பெனெக்ஸின் ‘தீவா’ (1981), லுக் பெஸ்ஸோனின் ‘சப்வே’ (1985), லெயோ கராக்ஸின் ‘மொவே ஸாங்’ (1986) ஆகியவை அப்போக்கின் படங்கள். நீலமும் சிவப்புமான ஒளி, பளபளக்கும் தரை, விளம்பரப் படத்தின் மினுக்கு, சுரங்க இரயில் நிலையங்களில் அலையும் இளைஞர்கள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். ‘தோற்றத்தின் சினிமா’ என்று அதற்குப் பெயரிட்டனர். கதையைக் கைவிட்டுத் தோற்றத்தில் மயங்கிய படங்கள் என்று பழைய திறனாய்வாளர் பலர் அவற்றைப் பழித்தனர்.

அப்பழிப்பு முழுவதும் நியாயமன்று. குடும்பத்தாலும் சமூகத்தாலும் வெளியே நிறுத்தப்பட்ட இளைஞர்க்கு அந்த மினுக்கே உலகமாக இருந்தது. கராக்ஸின் படங்களில் அம்மினுக்கின் அடியில் உண்மையான தனிமை உண்டு. எனினும், அவரைப் பின்பற்றிய பலரிடம் ஒளி மட்டுமே எஞ்சியது, தனிமை போயிற்று. உரிப்பொருள் நீங்கிய இடத்தில் கருப்பொருள் அணிகலன் ஆகிவிடுகிறது. தமிழ்ப் புதுக்கவிதையிலும் இந்நிலையைக் காணலாம். நிலவு, ஜன்னல், மழை, மௌனம் என்று படிமங்கள் வரிசையாக வரும். இரங்குபவர் யார், எதற்காக என்பது மட்டும் தெரியாது.

சிற்றன்னையிலிருந்து உதிரிப்பூக்களுக்கு

தமிழ்த் திரையில் இப்பூசலின் மிகச்சிறந்த தீர்வு ஒரு தழுவலில் கிடைத்தது. தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் உரையாடலை நம்பி வாழ்ந்தது. ‘பராசக்தி’ (1952) போன்ற படங்களில் வசனமே நடையாக இருந்தது. அது அக்காலத்தின் தேவை. அதற்குரிய ஆற்றலும் அழகும் அதில் உண்டு. ஆனால் பின்வந்தோர் கையில் அது பழக்கமாக இறுகியது. அழுகின்ற பாத்திரம் தான் ஏன் அழுகிறேன் என்று நீண்ட நேரம் விளக்கிக்கொண்டிருந்தது.

மகேந்திரன் (1939–2019) அந்தப் பழக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆர். வீற்றிருந்த மேடையிலேயே தமிழ்ப் படங்களின் இயல்பின்மையைச் சுட்டிப் பேசியவர் அவர். பின்னர் ‘தங்கப்பதக்கம்’ (1974) போன்ற வசன வலிமை மிக்க படத்துக்குத் தாமே எழுதிப் புகழ்பெற்றார். இயக்குநரானதும் அந்த வலிமையையே துறந்தார். 1979இல் வெளிவந்த ‘உதிரிப்பூக்கள்’, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்னும் குறுநாவலை மூலமாகக் கொண்டது. அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை.

குறுநாவலையும் படத்தையும் ஒப்பிடுவோர் வியப்படைவர். நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை வேறு. குறுநாவலின் சுந்தரவடிவேலு படித்த, மென்மையான மனிதர். படத்தின் சுந்தரவடிவேலுவோ பிறர் துன்பத்தில் அமைதி காண்பவர்; ஊரே அஞ்சும் பெரிய மனிதர். ஓராஞ்ச் செய்ததைத்தானே மகேந்திரனும் செய்தார் என்று கேட்கலாம். இல்லை. புதுமைப்பித்தனின் படைப்பில் உரிப்பொருள் தாயிழந்த குழந்தைகளின் நிலை. மகேந்திரன் நிகழ்ச்சிகளை விட்டார்; அந்த உரியை விடவில்லை.

இதற்கு முட்டுக்காட்டிலேயே ஓர் ஒப்புமை உண்டு. 1996இல் இங்குத் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னாட்டின் பழைய வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணும் விட்டமும் ஓடுமாகக் கொணரப்பெற்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. கைவினையைக் காக்கும் அரிய பணி அது. ஆனால் அவ்வீடுகளில் குடும்பங்கள் இல்லை. காட்சிக்கூடத்துக்கு அது குறையும் அன்று. இலக்கியத் தழுவலில் அது பெருங்குறையாகும். தூண்களை எல்லாம் கொணர்ந்துவிட்டுக் குடியிருந்தவர்களை விட்டுவரும் தழுவல்கள் பல. மகேந்திரன் தூண்களை விட்டுவிட்டுக் குடியிருந்த துயரத்தை மட்டும் கொணர்ந்தார். அதற்கு ஓர் ஆற்றங்கரை ஊரில் புதிய வீடு கட்டினார்.

தலைப்பை நோக்குங்கள். ‘சிற்றன்னை’ என்பது உறவுப்பெயர். ஒரு கதையை எதிர்பார்க்க வைப்பது. ‘உதிரிப்பூக்கள்’ என்பது கருப்பொருள். தொடுக்கப்படாத, தொடுக்க ஆளில்லாத பூக்கள். கதைப்பெயர் கருப்பெயராக மாறிய அந்த இடத்திலேயே உள்ளுறை தொடங்கிவிடுகிறது. நோயுற்ற மனைவி லட்சுமி தன் துன்பத்தைப் பேசுவதில்லை, முகம் பேசுகிறது. முடிவில் ஊரார் சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குக் கொண்டுசெல்கின்றனர். தீயவன் அழிவது கதையின் முடிவு. ஆனால் கரையில் அவனுடைய குழந்தைகள் இருவரும் நிற்கின்றனர். தண்டித்த நியாயமும், அதனால் தந்தையையும் இழந்த பிள்ளைகளும் ஒரே காட்சியில் அமைந்திருக்க, பார்ப்பவர் மகிழவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் அமர்ந்திருக்கிறார். எந்த உரையாடலும் இந்நிலையைத் தந்திருக்க முடியாது. கதை இல்லாமலும் இது வந்திருக்காது. மக்களும் அப்படத்தை வரவேற்றனர். மக்களுக்குக் கதை மட்டுமே வேண்டும் என்பாரும், நடை தெரிந்தோர் சிலரே என்பாரும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

கரை யாருக்குப் பின்புலம்?

இறுதியாக, இந்தக் கரையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். சென்னைக்கு அருகில் இருப்பதால், கிழக்குக் கடற்கரைச் சாலையும் மாமல்லபுரம் வரையிலான கடலோரமும் தமிழ்ப் படங்களின் பாடல் காட்சிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகின்றன. அலை வரும், தலைவி ஓடுவாள், தலைவன் துரத்துவான், அந்தி மஞ்சளாக விரியும். நெய்தலின் முதற்பொருள் முழுதும் அங்கே உண்டு. ஆனால் கரையில் வலை உலர்த்துபவர் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பார். படகு இருக்கும், படகுக்காரர் இரார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய குப்பங்கள் இதே கரையில் உள்ளவைதாம். அலையின் அழகை ஆயிரம் முறை காட்டிய கண்ணுக்கு, அலைக்கு இரங்கும் மாந்தர் தெரியாமற் போனது எப்படி?

திரைப்படக்காரர்களை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. கடலை எழுதும் கவிஞர்களும் பெரும்பாலும் கரையில் நின்று அலையை எண்ணுபவர்களே. பரதவர் வலையிலிருந்து மீனைக் கழிக்கும் விதமும், கழியில் நீர் ஏறி இறங்கும் பொழுதும், முகத்துவாரம் அடைபட்டால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் அறியாமல் நெய்தலைப் பாடுவது எளிது. அப்போது கடல் ஓர் அணிகலனாகிவிடுகிறது. சங்கப் புலவர்க்குக் கருப்பொருள் அறிவாக இருந்தது. இன்று அது சொல்லாட்சியாகச் சுருங்கிவருகிறது. நடை என்பது சொல்லை மினுக்குவதன்று. பிறர் துயரை எவ்வளவு அருகில் சென்று, எவ்வளவு மதிப்போடு பார்ப்பது என்னும் முடிவே நடை. பிரெஸ்ஸோன் சாவைக் காட்டாமல் விட்டதும், வர்தா பாதிப் படத்தை மீனவர்க்குத் தந்ததும், மகேந்திரன் கரையில் குழந்தைகளை நிற்கவைத்ததும் அத்தகைய முடிவுகளே.

பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் தளராமல் இயங்குவது அரிது. இப்பத்தாண்டில் இவ்வட்டத்தில் பொருளுக்காக வாதிட்டோரும் வடிவத்துக்காக வாதிட்டோரும் உண்டு. இரு திறத்தாரும் இனி ஒருவர் கவிதையை மற்றவர் படிக்கும்போது, ‘கதை இருக்கிறதா’ என்றோ ‘நடை இருக்கிறதா’ என்றோ கேளாமல், ‘இங்கே இரங்குவது யார்? அந்த இரக்கத்தை இக்கவிதையின் எந்தப் பொருள் சுமக்கிறது?’ என்று கேட்பார்களாயின் பூசல் ஓயும், கவிதை வளரும். அவ்வாறு எழுதப்படும் கவிதைகளுள் சிலவேனும் இக்கழியையும் இங்கு வாழ்வோரையும் அறிந்து எழுதப்படுதல் வேண்டும்.

வட்டம் மேலும் பல்லாண்டு வாழ்க.